கப்பல் தாளும் கரைத் தாளும்

"நாள் பூரா அந்தப் பெட்டிக்கு முன்னால உக்காந்து நீ என்னட்டி செய்யுத?" என்று முதலில் கேட்டது ஜெயசெல்விதான்.

தூத்துக்குடித் துறைமுக வாசலுக்கு வெளியே உள்ள டீக்கடை. 2021, ஆவணி மாதம். காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். மஞ்சள் ஹெல்மெட் மடியில் இருந்தது. அன்று வெட்டுமரத் தடிகள் ஏற்றி வந்த கப்பல். புருவத்தில்கூட மரப்பட்டைத் தூள் ஒட்டியிருந்தது.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும். படிப்பு முடிந்ததும் ஜெயசெல்வி துறைமுகத்துக்குப் போனாள். விஜிலாவுக்கு மில்லர்புரத்து வீட்டிலிருந்தே செய்கிற கணினி வேலை கிடைத்தது. யார் கேட்டாலும் "ஆபீஸ் வேல" என்ற இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்பவள் அவள். அன்று ஏனோ சொன்னாள்.

"ஆபீஸ் வேல கொஞ்சம். மிச்ச நேரம் வேற. எல்லாருக்கும் சும்மா குடுக்குத லினக்ஸ்னு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் இருக்குல்லா. அதுல ஆயிரக்கணக்குல பேக்கேஜ், ஒவ்வொரு வேலக்கும் ஒரு நிரல். ஒவ்வொண்ணுக்கும் மூலநிரல் வெளிப்படையா கெடக்கும். யாரும் வாசிக்கலாம்."

"சரி."

"ஆனா நாம எறக்கிப் போடுதது மூலநிரல இல்ல. அத வச்சு எங்கயோ ஒரு மிஷின்ல கட்டி அனுப்புன பைனரிய. அத மனுசன் வாசிக்க முடியாது. நடுவுல எவனாவது கைய வச்சிருந்தா வெளிய தெரியாது."

"அதுக்கு நீ என்ன செய்யுத?"

"அதே மூலநிரல எடுத்து எங்க வீட்டு மிஷின்ல நானும் கட்டுவேன். எனக்கு வந்ததும் அவுங்க அனுப்புனதும் ஒரு பைட் மாறாம ஒண்ணா இருக்கான்னு பாப்பேன். இருந்தா சரின்னு ஒரு பொதுப் பட்டியல்ல போடுவேன். அவ்வளவுதான்."

ஜெயசெல்வி கையிலிருந்த பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். நனைத்ததை வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப நீ கரை டாலி" என்றாள்.

"அப்பிடின்னா?"

"கப்பல்லருந்து சரக்கு எறங்கும்போது ரெண்டு பேரு எண்ணுவோம். கப்பல்காரனுக்கு அய்யாக்குட்டி அண்ணாச்சி. சரக்கு வாங்குதவனுக்கு நான். ஷிப்ட் முடியுத வரைக்கும் அவரு தாள நான் பாக்கக் கூடாது, என் தாள அவரு பாக்கக் கூடாது. முடிஞ்ச பெறவுதான் ரெண்டையும் பக்கத்துல வைப்போம்."

"நடுவுல பாத்தா என்ன?"

"பாத்துட்டா எண்ண மாட்ட. அவரு போட்டத எழுதுவ. தாளு ரெண்டு இருக்கும், எண்ணுனது ஒரு ஆளா இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "என்னென்ன போடணும்னு ஒரு தாள்ல எழுதித் தா. நானும் எண்ணுதேன்."

விஜிலா வீட்டில் இந்த வேலையை விளக்க ஒரு வருடமாக முயன்று தோற்றிருந்தாள். அவளுடைய அப்பா நாசரேத்தில் அறிவியல் வாத்தியார். அவரே, "யாரோ செஞ்சத எதுக்கும்மா திரும்பச் செய்யணும்?" என்று கேட்டிருந்தார். டீக்கடையில் ஒரு பிஸ்கட் நனைகிற நேரத்தில் ஜெயசெல்விக்குப் புரிந்துவிட்டது.

ஜெயசெல்வியின் குடும்பம் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா சிவனாண்டிக்கு ஊருக்குள் ஓர் எவர்சில்வர் கடை. கடையில் உட்கார் என்று அவர் சொன்னபோது, "பூரா நாளும் ஒரே எடத்துல இருந்தா எனக்குக் கால் வீங்கும்பா" என்று சொல்லிவிட்டு, சரக்குச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே எண்ணுகிற வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். முதல் வாரம் கிரேன் ஓட்டுபவர்கள் வேண்டுமென்றே வேகம் கூட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்தாளாம். ஷிப்ட் முடிவில் கப்பல் தாளும் கரைத் தாளும் ஒன்றாக நின்றபோது, "என்ன அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டிருக்கலாம்லா" என்று கேட்டாளாம்.

நாலு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்காக. இப்படி ஐந்தைந்தாகக் கட்டிப் போடும் பழக்கம் அவள் கையிலேயே ஊறியிருந்தது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் தூசியில் போடுவாள். எதிரே வரும் உப்பு லாரிகளை எண்ணுகிறாள் என்று விஜிலாவுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. "எதுக்கு?" என்று கேட்டதற்கு, "சும்மா இருக்குத கைக்கு ஒரு வேல" என்றாள்.

அய்யாக்குட்டி அண்ணாச்சியைப் பற்றி அவள் சொல்லும் கதைகள் தனி. அவர் முப்பது வருடமாகக் கப்பல் பக்கம் நிற்பவர். மழை பிடித்தாலோ பசி எடுத்தாலோ மெல்ல அவள் பக்கம் நகர்வார். "ஏளா, கடலமிட்டாய் வேணுமா?" என்பார். கடலைமிட்டாயை வாங்கிக்கொண்டு தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். "மிட்டாய்க்கு நன்றி அண்ணாச்சி. தாளு மூணு மணிக்கு." அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். இது வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை, இவளும் காட்டியதில்லை.

சிவனாண்டியின் கடைக்கு மேலே ஓர் அறை. ஜெயசெல்வி பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அங்கே வைத்தாள். கடற்காற்றில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டுவாள். ஷிப்ட் இல்லாத நாட்களில் விஜிலாவும் அங்கே போய்விடுவாள். கீழே பாத்திரங்கள் மோதும் சத்தம், மேலே மின்விசிறி, திரையில் ஓடும் எழுத்துகள். ஒரு பேக்கேஜ் கட்டி முடிய அரை மணி ஆகும், சிலதற்கு அரை நாள். முடிந்ததும் அதன் ஹாஷ் வரும். அது அந்தக் கோப்பிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண்ணெழுத்துக் கோவை. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கோவை முழுவதும் மாறிவிடும். ஜெயசெல்வி முதலில் தன்னுடையதை நோட்டில் எழுதுவாள், அடியில் கோடு போடுவாள். அதன் பிறகே அதிகாரபூர்வமாக வந்ததைத் திறந்து பார்ப்பாள். இரண்டும் ஒன்றானால் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு கோடு. ஐந்தாவது வந்தால் குறுக்குக் கோடு, கூடவே கீழே பார்த்து, "அப்பா, ரெண்டு டீ" என்று ஒரு குரல்.

அந்த டீயின் ருசி விஜிலாவுக்கு இப்போதும் நாக்கில் இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் புளியின் வாசம் இருக்கும்.

2023 மார்ச்சில் விஜிலா அந்தத் தப்பைச் செய்தாள். அவளுடைய மிஷின் கெட்டுப்போயிருந்தது. புதிதாக எல்லாவற்றையும் நிறுவ இரண்டு நாளாவது வேண்டும். அலுவலக வேலை தலைக்கு மேல். அந்த வாரம் ஜெயசெல்வி தன் மிஷினின் டிஸ்க்கையே கழற்றி அவளிடம் கொடுத்து, "பாட்டு கொஞ்சம் ஏத்தித் தாட்டி" என்றிருந்தாள். விஜிலா பாட்டை ஏற்றினாள். அப்படியே அந்த டிஸ்க்கை முழுதாகத் தன் மிஷினுக்கு நகல் எடுத்தும் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது நினைப்போடு போயிற்று.

ஜூனில் அந்த அலைப் பேக்கேஜ் வந்தது.

கடலில் நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கணக்கிடுகிற சின்ன நிரல் அது. ஓலாவ் என்ற நார்வேக்காரர் பத்தொன்பது வருடமாக, யாரும் கேட்காமலே, அதைப் பராமரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு சங்கதி" என்று ஆசையாக எடுத்த ஜெயசெல்விக்கு ஹாஷ் ஒத்துவரவில்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால், நிரல் முழுவதும் ஒன்றுதான். அதற்குள் இருந்த அலைப் பட்டியல் மட்டும் தலையிலிருந்து கால்வரை வேறாக இருந்தது. ஆயிரக்கணக்கான எண்கள். ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை.

வேறுபாடு வந்தால் அதைத் தனியாகக் கட்டிய இன்னொருவரும் உறுதி செய்ய வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். ஜெயசெல்வி ஃபோன் செய்தாள்.

"அந்த அலைய நீயும் ஒருதரம் கட்டிப் பாரேன்."

விஜிலா கட்டினாள். ஜெயசெல்விக்கு வந்த அதே ஹாஷ், எழுத்து மாறாமல்.

"எனக்கும் ஒனக்கு வந்ததுதான் வருது" என்றாள்.

"தனியா கட்டுனதுதானே?"

டிஸ்க்கின் நினைப்பு வந்து போயிற்று.

"ஆமா" என்றாள்.

இரண்டு சாட்சி ஆயிற்று. பொதுப் பட்டியலை நடத்துபவர்கள் அந்தப் பேக்கேஜை நிறுத்திவைத்தார்கள். ஓலாவின் அனுப்பும் உரிமையையும் நிறுத்திவைத்து விளக்கம் கேட்டார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் அவருடைய பழைய பேக்கேஜ்களையும் சந்தேகப்பட்டு எழுதினார்கள். மூன்றாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. கோபம் இல்லாத பதில். எங்கே தவறியது என்று தனக்குத் தெரியவில்லை, தன் பக்கம் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டு ஜெயசெல்வி சொன்னாள். "பாவமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு தாளும் ஒண்ணா நிக்கே. நாம என்ன செய்ய முடியும்?"

விஜிலா அன்று இரவு அந்தப் பதிலை மறுபடியும் எடுத்துப் படித்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னாள். மிஷினைத் துடைத்து, வெற்று டிஸ்க்கிலிருந்து ஆரம்பித்தாள். வழிமுறையை ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தாள். மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருந்தது: கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் வைக்கவும். இதற்கு முன் அந்த வரியை அவள் படித்த நினைவே இல்லை. முதல் முதலில் நிறுவும்போது எந்த நாடு என்று கேட்கும். இந்தியா என்று போட்டுவிட்டு எல்லோரும் அடுத்த பக்கம் போவார்கள். ஜெயசெல்வியும் அப்படித்தான் போட்டிருந்தாள். அந்த இந்தியா, டிஸ்க்கோடு சேர்ந்து இவள் வீட்டுக்கும் வந்திருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கட்டி முடிந்தது. ஓலாவ் அனுப்பிய ஹாஷும் இவளுக்கு வந்த ஹாஷும் ஒன்று.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஓலாவின் பட்டியலில் இரண்டாவது வரிசையாக இருந்தது இவர்களுடையதில் முதல் வரிசையாக இருந்தது. மூன்றாவது, இரண்டாவதாக. கடைசிவரை அப்படியே. மூலநிரலை முடித்த நேரம் அதிலேயே குறித்திருக்கும்; கட்டும் மிஷின் தன் கடிகாரப்படி அது எந்தத் தேதி என்று பார்த்து, அந்த நாளிலிருந்து பட்டியலைத் தொடங்கும். ஓலாவ் அதை முடித்தது கிரீன்விச் கணக்கில் பதினான்காம் தேதி இரவு ஏழு பத்துக்கு. நார்வேயிலும் அப்போது பதினான்குதான். தூத்துக்குடியில் ஐந்தரை மணி நேரம் கூடி, பதினைந்து பிறந்துவிட்டது. அதனால் இவர்களுடைய மிஷின்கள் ஒரு நாள் தள்ளி எண்ணத் தொடங்கியிருந்தன. யாரும் எதையும் திருடவில்லை, எதையும் நுழைக்கவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இனி இதை ஜெயசெல்வியிடம் சொல்ல வேண்டும். கடிகாரத்தை மட்டும் சொல்லிவிட்டு டிஸ்க்கை விட்டுவிடலாம், கேட்பார் இல்லை. டீக்கடை போய்ச் சேரும்வரை அந்த எண்ணம் கூடவே வந்தது.

ஜெயசெல்வி ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தாள். டீ வந்தது. விஜிலா கடிகாரத்தைச் சொன்னாள். அவள் கண் விரிந்தது. "அட. நமக்கு விடிஞ்சிருச்சு, அவருக்கு விடியல. இதுக்கா அந்த மனுசன நிறுத்தி வச்சோம்." பிறகு, "ரெண்டு பேரும் ஒரே தப்பா செஞ்சிருக்கோம் பாரேன்" என்றாள்.

"ரெண்டு பேரு இல்ல" என்றாள் விஜிலா. "நான் தனியா கட்டல ஜெயா. ஒன் டிஸ்க்கக் காப்பி எடுத்து வச்சிருந்தேன். அதுலதான் கட்டுனேன்."

ஜெயசெல்வி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்ப எடுத்த?"

"மார்ச்ல. பாட்டு ஏத்தக் குடுத்தேல்லா, அன்னைக்கு."

"மார்ச்லருந்து என் கணக்குக்கு நீ சரின்னு போட்டது எத்தன?"

"ஏழு. இதச் சேத்து எட்டு."

வாசலிலிருந்து வந்த அய்யாக்குட்டி அண்ணாச்சி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து இருவர் முகத்தையும் பார்த்தார். "என்னளா, மரத்தடி எதும் கொறயுதா?"

"மரத்தடி சரியா இருக்கு அண்ணாச்சி" என்றாள் ஜெயசெல்வி. "ஆளு ஒண்ணு கொறயுது."

அவருக்குப் புரியவில்லை. டீயை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"நான் ஒன்ட்ட கேட்டேன்லா" என்றாள் ஜெயசெல்வி.

"கேட்ட."

"கேக்கும்போதே சொல்லிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு வேற ஆளப் பாத்திருப்பேன்."

"தனியா கட்டிருந்தாலும் நானும் இந்தியான்னுதான் போட்டிருப்பேன் ஜெயா."

"போட்டிருக்கலாம். போடாம இருந்திருக்கலாம். அத இனி யாரு பாக்க?"

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் விஜிலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேரே கடைக்கு மேலே போனார்கள். ஜெயசெல்வி பொதுப் பட்டியலில் எழுதினாள்: இந்தப் பேக்கேஜில் குற்றம் இல்லை. எங்கள் கடிகாரம் வேறு. இரண்டு சாட்சி என்று நாங்கள் சொன்னது இரண்டு அல்ல, ஒன்று. விஜிலாவின் பெயரை எங்கும் போடவில்லை. அனுப்பிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். விஜிலா உட்கார்ந்து, அதற்குக் கீழே தன் பெயரோடு, நகல் எடுத்தது தான் என்றும் தனியாகக் கட்டியதாகச் சொன்னதும் தான் என்றும் எழுதினாள். இவ்வளவு பேர் படிக்கும் இடத்தில் அவள் தன்னைப் பற்றி எழுதிய முதல் வாக்கியம் அதுதான். ஜெயசெல்வி முதுகுக்குப் பின்னால் நின்று படித்தாள். ஒரு சொல்லையும் திருத்தச் சொல்லவில்லை.

அன்று டீ கேட்டு யாரும் குரல் கொடுக்கவில்லை. இறங்கும்போது சிவனாண்டிதான், "என்னம்மா, டீ வேண்டாமா?" என்று கேட்டார்.

அதே வாரத்தில் ஓலாவுக்கு உரிமை திரும்பியது. அவர் சும்மா இருக்கவில்லை. எந்த ஊர்க் கடிகாரத்தில் கட்டினாலும் பட்டியல் ஒரே நாளில் தொடங்கும்படி நிரலையே மாற்றி அனுப்பினார். நிரல் ஊரைப் பார்த்து மாறியது தன் பிழைதான் என்று எழுதினார். மாற்றக் குறிப்பின் அடியில் ஒரு வரி: எனக்கு இன்று, தூத்துக்குடியில் அதற்குள் நாளை, அதைக் காட்டித் தந்த இருவருக்கும் நன்றி. ஜெயசெல்வி அதைப் படித்து வெகுநேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் விஜிலாவுக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் ஒன்று மாறியிருந்தது. அதற்குப் பிறகு ஜெயசெல்வி எதையும் இவளிடம் சரிபார்க்கக் கொடுக்கவில்லை. பேச்சு, கிண்டல், டீ எல்லாம் பழையபடி. ஹாஷ் மட்டும் கேரளத்தில் யாரோ ஒருவருக்குப் போனது. விஜிலா கேட்கவில்லை. கேட்க என்ன உரிமை இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

போன வருடம் ஜெயசெல்விக்குக் குஜராத்தில், முந்த்ரா துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மேற்பார்வை உத்தியோகம். இப்போது அங்கே நான்கு பேர் எண்ணுகிறார்கள், இவள் நடுவில் நிற்கிறாள். "அங்கன டீல இஞ்சியக் கொட்டுதானுவ" என்று ஃபோனில் குறைப்பட்டுக்கொள்கிறாள். டீக்கடைக்கு விஜிலா தனியாகப் போவதுண்டு. அய்யாக்குட்டி அண்ணாச்சி ஒருநாள் கடலைமிட்டாயை நீட்டி, "புதுப் பய ஒருத்தன் வந்திருக்கான். கேட்டா தாளக் காட்டிருதான். காட்டுதானான்னு பாக்கத்தான கேக்கதே. என்ன வெளாட்டு இது?" என்றார். அவர் இத்தனை வருடம் எதற்காக அந்த மிட்டாயோடு நகர்ந்து வந்தார் என்பது விஜிலாவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

விஜிலாவின் மேசையில் இப்போது ஜெயசெல்வியின் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. சணல் கயிற்றால் குறுக்காகக் கட்டியிருக்கிறது. முடிச்சை விஜிலா இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் அவளுடைய சொந்த நோட்டு, அதில் ஐந்தைந்தாகக் கோடுகள், இதுவரை இருநூற்றுப் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் மூன்றோ நான்கோ முடிகிறது.

நோட்டை ஜெயசெல்வி கொடுத்தது ஊரைவிட்டுப் போன நாளன்று. கடைக்கு மேலே அறை காலியாகிவிட்டிருந்தது. மிஷினை விற்றாயிற்று. நாட்காட்டி மாட்டியிருந்த ஆணி மட்டும் சுவரில். கீழே ஆட்டோ வந்து நின்றது, சிவனாண்டி பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஜெயசெல்வி நோட்டைக் கயிற்றால் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கி, விஜிலாவின் கையில் வைத்தாள்.

"நான் சரின்னு போட்டது நானூத்திப் பதினாறு இருக்கு, பேரெல்லாம் பொதுப் பட்டியல்ல கெடக்கு. அம்புட்டையும் நீ ஒருதரம் கட்டிப் பாரு. ஒன் மிஷின்ல, முதல்லருந்து. எல்லாம் முடிஞ்ச பெறவு இந்தக் கயித்த அவுத்தாப் போதும்."